ஜாடி நெறைஞ்சிருக்குங்க

ஜனவரி 19, திங்கள்

பெயிண்ட் கடைக்காரர் இந்த வருடம் டைரி தரவில்லை. வியாபாரம் மந்தமாம். அதனால் போன வருடத்து டைரியில் கிழமையை மட்டும் அடித்துத் திருத்திவிட்டு எழுதுகிறேன். போன வருடம் நான் எழுதியது மொத்தமே ஒன்றரைப் பக்கம். என் சோம்பேறித்தனத்தால் வீட்டுக்கு ஒரு டைரி மிச்சம்.

எழுத விஷயம் இருக்கிறது. முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு, பஸ் ஆர்டர் வரும்வரை வாரத்தில் மூன்று நாள்தான் வேலை, மூன்று நாள்தான் சம்பளம் என்று சொல்லிவிட்டார். நான் பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறையில் சீட்டு போடுகிறவன். ஸ்பாஞ்சு வைத்து, ரெக்ஸின் தைத்து, இழுத்து அடிப்பேன். கரூரில் கட்டிய பஸ்ஸில் யாராவது நன்றாகத் தூங்கியிருந்தால் அது நான் போட்ட சீட்டாக இருக்கலாம். முதுகு வலித்திருந்தால் அது வேறு ஆள் போட்டது.

வீட்டில் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். என் மனைவி கலாமணி என் செருப்புச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னங்க, வேலையில ஏதாச்சுமா?"

சொன்னேன். கொஞ்ச நேரம் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள்.

"அப்ப மீதி நாளெல்லாம் வீட்லயா இருப்பீங்க?"

"ஆமா."

"சம்பளம் கொறையறதக்கூடச் சமாளிச்சரலாமுங்க" என்றாள். "நீங்க நாளெல்லாம் வீட்ல இருக்கறதத்தான் எப்படிச் சமாளிக்கறதுன்னு தெரியல."

ஜனவரி 22, வியாழன்

பட்டறையில் என் கூட வேலை செய்யும் ரங்கராஜு ஒரு யோசனையோடு வந்தான். ஓமன் நாட்டில் பஸ் பட்டறையாம். திருச்சியில் இருக்கிற ஏஜென்ட் ஆள் எடுக்கிறாராம். இரண்டு வருட ஒப்பந்தம், சாப்பாடு, தங்குமிடம். "தாந்தோணியண்ணா, நீங்களும் நானும் ஒரே ரூம்ல இருந்துக்கலாம். ஏப்ரல் கடைசில பிளைட்டு. சித்திரை ஒண்ணுக்குள்ள சரின்னு சொல்லிரணும்" என்றான்.

எனக்குப் போவதில் ஒன்றும் பயமில்லை. விமானத்தில் ஏறியதில்லை, அவ்வளவுதான். ஒட்டகத்தை சர்க்கஸில் பார்த்திருக்கிறேன். அதுவும் நானும் பழகிக்கொள்வோம்.

வீட்டில் சொன்னேன்.

"ரெண்டு வருசமா?" என்றாள் கலாமணி.

"ரெண்டே ரெண்டு வருசம்."

"லீவு?"

"நடுவுல கெடையாதாம்."

எங்கள் மகளுக்கு மௌனிகா என்று பேர் வைத்தவன் நான்தான். ஒன்பதாவது படிக்கிறாள். விழித்திருக்கும் நேரமெல்லாம் பேசுவாள். இன்று அவள்கூட ஒன்றும் பேசவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

காலையில் கலாமணி பரணிலிருந்து பழைய ஊறுகாய் ஜாடி ஒன்றை இறக்கினாள். வெள்ளையும் பழுப்புமாகப் பீங்கான் ஜாடி. கழுவி, வெயிலில் காயவைத்து, வாயில் வெள்ளைத் துணி கட்டி, பிரிட்ஜ் மேல் வைத்தாள். பிறகு என் முன்னால் வந்து நின்றாள். கல்யாணத்தில் மாலை மாற்றும்போதுதான் கடைசியாக அப்படி நேருக்கு நேராக நின்றாள் என்று நினைக்கிறேன்.

"எனக்குச் சித்திரை ஒண்ணு வரைக்கும் டைம் குடுங்க. பாதிச் சம்பளத்துல வீட்டை ஓட்டறேன். அதுலயும் மிச்சம் புடிச்சு, புள்ளையோட அடுத்த வருசப் பீஸை இந்த ஜாடில சேத்திக் காட்டறேன். சேந்துச்சுன்னா நீங்க எங்கயும் போக வேண்டாம்."

"சேரலைன்னா?"

"நானே பொட்டி கட்டித் தர்றேன்."

நான் போவது பிடிக்கிறது என்றோ, பிடிக்கவில்லை என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை பாருங்கள். வெறும் கணக்காகப் பேசிவிட்டுப் போய் குக்கரை ஏற்றினாள்.

ஜனவரி 30, வெள்ளி

இந்த வீட்டில் இவ்வளவு வீணாகிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது. அதில் பெரும்பகுதி என் வழியாகத்தான் போயிருக்கிறது.

பருப்பை முதல் நாளே ஊறப்போட்டுவிடுகிறாள். குக்கரில் அடியில் பருப்பு, அதன்மேல் சாதம், அதற்கும் மேல் சின்னக் கிண்ணத்தில் காய். ஒரே ஆவியில் மூன்றும் வெந்துவிடுகின்றன. விசில் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, "மீதிய அதுவே பாத்துக்கும்" என்கிறாள். சிலிண்டர் மாற்றிய தேதியைச் சாக்பீஸால் சிலிண்டர் வயிற்றிலேயே எழுதியிருக்கிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அரசு ஆஸ்பத்திரியில் கட்டிலில் அட்டை தொங்குவதுபோல் இருக்கிறது.

பேன்ட்டை நீவி மடித்துப் படுக்கைக்கு அடியில் வைத்துவிட்டால் இஸ்திரிப் பெட்டி வேண்டாமாம். என்மேல் நானே படுத்து என்னை நானே இஸ்திரி போட்டுக்கொள்கிறேன்.

மௌனிகா இப்போது லைட் போலீஸ். நான் பாத்ரூமில் இருக்கும்போதே அணைத்துவிடுகிறாள்.

"உள்ள ஆளு இருக்கேன் கண்ணு!"

"பாட்டுப் பாடுங்கப்பா. அப்பத்தானே தெரியும்!"

பாடினேன். உடனே லைட்டைப் போட்டுவிட்டாள். பாட்டு அப்படி.

பிப்ரவரி 5, வியாழன்

டீக்கடையில் நான் செலவழிப்பதைக் கலாமணி கணக்குப் பார்த்துவிட்டு பிளாஸ்கில் டீ கொடுத்து அனுப்பினாள். இஞ்சி, ஏலக்காய் தட்டிப் போட்ட டீ. மூடியைத் திறந்ததும் வாசம் பட்டறை முழுக்கப் போயிற்று. ஆளுக்கு ஒரு வாய் என்று எல்லோரும் குடித்தார்கள். நான் டீக்கடைக்குப் போய் எனக்கு ஒரு டீ வாங்கிக் குடித்தேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

நேற்று நடந்ததைச் சொன்னேன். "சரி, அதுக்கென்ன" என்றாள். இன்று பிளாஸ்கில் வந்தது வெறும் டீ. இஞ்சி, ஏலக்காய் ஒரு சின்னப் பொட்டலமாகத் தனியாக என் சட்டைப்பையில். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஓரமாகப் போய் கலந்து குடித்தேன். இந்தப் பெண்ணைப் பெரிய கம்பெனிக்கு மேனேஜராகப் போட்டால் அந்தக் கம்பெனி எங்கேயோ போய்விடும்.

பிப்ரவரி 11, புதன்

என் பங்குக்கு நானும் மிச்சம் பிடிக்க வேண்டாமா? உழவர் சந்தை முடிகிற நேரத்தில் போனேன். தக்காளி ஒரு கூடையோடு கால் விலைக்குக் கிடைத்தது. போர் வென்று வந்தவன்போல் வீட்டுக்குள் நுழைந்தேன்.

கலாமணி ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். அது அமுங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. "இன்னிக்கே தொக்குப் போட்டாத்தான் உண்டு" என்றாள். தொக்குக்கு எவ்வளவு நல்லெண்ணெய் பிடிக்கும் என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். தக்காளி சும்மா கிடைத்தது மாதிரிதான். எண்ணெய்தான் சொத்தை எழுதிக் கேட்டது.

திட்டவில்லை. "நல்ல நெறமுங்க" என்று தக்காளியைத்தான் பாராட்டினாள்.

பிப்ரவரி 12, வியாழன்

இட்லிக்குத் தக்காளித் தொக்கு.

பிப்ரவரி 13, வெள்ளி

தோசைக்குத் தக்காளித் தொக்கு. மதியம் தயிர்சாதத்துக்கும் அதுவே.

பிப்ரவரி 17, செவ்வாய்

தொக்கு தீர்ந்தது. மௌனிகா கைதட்டினாள்.

தலைக்கு மை போடுவதை நிறுத்தியிருக்கிறேன். என் சொந்த முடிவு. ரங்கராஜு, "பாஸ்போர்ட் போட்டோல இருக்கறது உங்க தம்பிங்களாண்ணா?" என்று கேட்கிறான். கலாமணி மட்டும், "இதுதாங்க எடுப்பா இருக்கு" என்றாள். செலவு மிச்சம் என்பதற்காகச் சொன்னாளா, உண்மையாகச் சொன்னாளா தெரியவில்லை. கண்ணாடியில் ரொம்ப நேரம் பார்த்தேன். லைட் போலீஸ் வந்து அணைத்துவிட்டது.

பிப்ரவரி 21, சனி

கடைக்குக் கிளம்பும்போது, "என்னென்ன வாங்கணும்?" என்று உள்ளே பார்த்துக் கேட்டேன்.

"உப்பு நெறைஞ்சிருக்குங்க. கடுகும் நெறைஞ்சிருக்கு."

உப்பும் கடுகும் வாங்கிவந்தேன்.

இதை வேற்று ஆள் படித்தால் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைப்பார். கலாமணி பிறந்த வீட்டில் அடுப்படியில் நின்று 'இல்லை' என்று சொல்லக் கூடாது. சொன்னால் லட்சுமி கோபித்துக்கொண்டு போய்விடுவாளாம். அதனால் தீர்ந்துபோன சாமானை 'நெறைஞ்சிருக்கு' என்பார்கள். கல்யாணமான புதிதில் ஒருநாள், "அரிசி நெறைஞ்சிருக்குங்க" என்றாள். பரவாயில்லையே, கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். மதியம் வந்தால் தட்டில் இரண்டு வாழைப்பழம். அன்றைக்குப் படித்த பாடம். எங்கள் வீட்டில் எது தீர்ந்தாலும் 'இல்லை' என்று பட்டென்று சொல்லித்தான் பழக்கம். லட்சுமி எங்கள் பக்கம் வராததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

மார்ச் 1, ஞாயிறு

புளி வரத்து அதிகமாக இருப்பதால் வருடத்துக்கு வேண்டியதை இப்போதே மொத்தமாக வாங்கிவிட்டாள். கொட்டையோடு வாங்கினால் விலை பாதி. மூன்று பேரும் மொட்டைமாடியில் உட்கார்ந்து, கல்லில் வைத்துத் தட்டித் தட்டிக் கொட்டை எடுத்தோம். பக்கத்தில் மூன்று பக்கெட் தண்ணீர் வெயிலில் சூடாகிக்கொண்டிருந்தது. சாயந்திரம் குளிக்க. ஹீட்டரே வேண்டாம். கரூர் வெயிலுக்கு யாரும் பில் போடுவதில்லை.

மௌனிகா, "அப்பா, ஓமன்ல புளி கெடைக்குமா?" என்று கேட்டாள். "கெடைக்கும், கெடைக்கும்" என்றேன், ஏதோ வாராவாரம் போய் வருகிறவன் மாதிரி.

அப்போதுதான் கலாமணி தலை நிமிராமல் சொன்னாள்:

"எங்கப்பா ரிக் வண்டில போர்க்கெணறு போடப் போவாரு. வடக்க போனா எட்டு மாசம், ஒம்பது மாசம் ஆயிரும். ஒருக்கா அப்படிப் போயிட்டு வந்தப்ப, நான் சின்னப் புள்ள. வாசல்ல நிக்கறவரப் பாத்துட்டு, 'அம்மா, யாரோ வந்திருக்காங்க'ன்னு கூப்பிட்டேனாம். அவரு அப்படியே நின்னுட்டாராம். அம்மா வந்து கையப் புடிச்சுத்தான் உள்ள கூட்டிட்டு வந்துச்சாம்."

"அப்பறம்?" என்றாள் மௌனிகா.

"அப்பறம் என்ன, பழகிட்டோம். மறுபடியும் போயிட்டாரு."

புளி கையோடு கண்ணைத் தேய்த்துவிட்டேன் போலிருக்கிறது. கீழே போய்த் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 9, திங்கள்

மீட்டர் பார்க்கிறவர் வந்தார். ரீடிங்கைப் பார்த்துவிட்டு, "ஊருக்குக் கீது போயிருந்தீங்களா?" என்று கேட்டார். கலாமணியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பள்ளிக்கூடத்தில் முதல் ரேங்க் வாங்கியவள் மாதிரி ஒன்றும் தெரியாததுபோல் நின்றாள்.

பீர்க்கங்காய்த் தோலில் துவையல். காலிஃபிளவர் தண்டில் கூட்டு. தேய்ந்த சோப்பைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிவிடுகிறாள். அது உப்புமூட்டை ஏறிய பிள்ளைபோல் கடைசிவரை கூடவே வருகிறது. பேஸ்ட் டியூபைக் கத்தரித்துத் திறந்தால் உள்ளே இன்னும் ஒரு வாரத்துக்கு இருக்கிறது. இதெல்லாம் எல்லா வீட்டிலும் தெரிந்த சங்கதிதான். ஆனால் இவள் செய்யும்போது ஒரு நாள்கூட வீட்டில் பஞ்சம் என்று தோன்றவில்லை. சாப்பாட்டில் ருசி குறையவில்லை. மௌனிகாவுக்கு முகம் வாடவில்லை. அதுதான் எனக்குப் பிடிபடாத வித்தை.

ஜாடி பிரிட்ஜ் மேல் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறது. நான் தொட்டுப் பார்ப்பதில்லை. பரீட்சை எழுதுகிறவர் பக்கத்தில் போய் எட்டிப் பார்க்கக் கூடாது.

மார்ச் 18, புதன்

என் தங்கச்சி பரிமளா போன் செய்தாள். அவள் மகள் பெரியவளாகிவிட்டாள். வருகிற வாரம் சீர். நான்தான் ஒரே தாய்மாமன்.

சந்தோஷம்தான். போனை வைத்ததும் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தேன்.

"பரிமளாவுக்கு நெலமை தெரியும். ஒரு பட்டுப்பாவாடையும் ரெண்டு தட்டுப் பழமும் வெச்சு சுருக்கமா முடிச்சிருவோம்" என்றேன்.

கலாமணி என்னைப் பார்த்த பார்வையில் இஸ்திரிப் பெட்டி இல்லாமலே என் சட்டை நேராகியிருக்கும்.

"புளியில மிச்சம் புடிக்கலாம், கேஸுல புடிக்கலாமுங்க. அந்தப் புள்ள ஆளுக நடுவுல மாமன் எப்ப வருவான்னு ஒக்காந்திருக்கும். அது மொகத்துலயா மிச்சம் புடிக்கறது?"

"பணம்?"

"அத நான் பாத்துக்கறேன். நீங்க வேட்டி சட்டைய வெளுத்து வெச்சுக்குங்க."

மார்ச் 26, வியாழன்

மண்டபத்துக்குள் தட்டு வரிசை போனபோது எங்கள் ஊர்க்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பட்டு, வெள்ளிக் கொலுசு, காதுக்குச் சின்னதாகத் தங்கம், பழம், இனிப்பு என்று ஒன்றும் குறையில்லை. நான் மாலை போட்டபோது அந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது. பரிமளா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படீண்ணா?" என்று மட்டும் கேட்டாள். கண் கலங்கியிருந்தது.

"அண்ணங்கிட்ட என்ன கேள்வி?" என்றேன், பெரிய மனுஷன் மாதிரி.

பணம் எங்கிருந்து வந்தது என்று கலாமணியை நான் கேட்கவில்லை. மந்திரவாதியிடம் போய் முயல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வேடிக்கை போய்விடும்.

வீட்டுக்கு வந்து தண்ணீர் எடுக்க பிரிட்ஜைத் திறந்தபோது, ஜாடித் துணியின் முடிச்சு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியிருந்ததுபோல் பட்டது. எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும். தூரப் பார்வை சரியில்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

பட்டறையில் ஒரே ஒரு பஸ் நிற்கிறது. முதலாளி, "ஆடிக்கு அப்பறந்தான் நெலவரம் தெரியும்" என்கிறார்.

கலாமணி ஒரு பழைய கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 8, புதன்

ஏஜென்ட் போன் செய்தார். செவ்வாய்க்கிழமை சித்திரை ஒன்று. அதற்குள் சொல்லாவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆள் தயாராக இருக்கிறாராம். "நல்ல வாய்ப்பு, விட்டுராதீங்க" என்றார். நல்ல மனிதர்தான். குரலில் தேன்.

ரங்கராஜு பெட்டி வாங்கிவிட்டான். சக்கரம் வைத்தது. எனக்கு எங்கே என்ன விலைக்குக் கிடைக்கும் என்று சொன்னான். கேட்டுக்கொண்டேன். போகிறவன் விசாரித்து வைப்பது நல்லதுதானே.

ஏப்ரல் 13, திங்கள்

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் கலாமணி சுவரைப் பார்த்து உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மௌனிகா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, ஏதோ மழை வருமா என்று கேட்பதுபோல் கேட்டேன்:

"நாளைக்குத்தான் கெடு. ஜாடி எப்படி இருக்கு?"

துருவுகிற சத்தம் நின்றது. அவள் திரும்பவில்லை.

"ஜாடி நெறைஞ்சிருக்குங்க."

அவ்வளவுதான் சொன்னாள். நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வாசலுக்கு வந்து, தெருமுனைக்குப் போய், ஏஜென்ட்டுக்குப் போன் போட்டேன். "நான் வரலீங்க. எனக்கு இங்கேயே ஆயிருச்சு. அந்த எடத்த அந்த ஆளுக்கே குடுத்துருங்க" என்றேன். "யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்றார். "யோசிச்சாச்சு" என்று வைத்துவிட்டேன். பட்டறைக்குப் போய் ரங்கராஜுவிடமும் சொன்னேன். எல்லோரிடமும் சொன்னேன். டீக்கடைக்காரர் உட்பட.

சாயந்திரம் பூ வாங்கிக்கொண்டு வந்தேன். இத்தனை நாளில் முதல் வீண்செலவு.

உள்ளே வந்தால், கூடத்தில் என் பழைய பை திறந்து கிடந்தது. அதில் என் வேட்டி, சட்டை, ஒரு பாட்டில் பருப்புப்பொடி, இஞ்சி தட்டிக் காயவைத்த பொடி, மௌனிகாவின் போட்டோ. கலாமணி என் பனியன்களை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து மடித்து மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ன?"

"சொன்னேனில்லீங்க, சேரலைன்னா நானே பொட்டி கட்டித் தர்றேன்னு."

"நெறைஞ்சிருக்குன்னு சொன்னே!"

அவள் கை நின்றது. என்னையே பார்த்தாள். பிறகு எழுந்து போய் ஜாடியை எடுத்து, துணியை அவிழ்த்து, கவிழ்த்துக் காட்டினாள். ஒரு துளி ஊறுகாய் வாசம் மட்டும் வந்தது.

"சீருக்கு எடுத்துட்டேனுங்க. அப்பறம் எவ்வளவு இழுத்தும் ஒண்ணும் ஏறல. அதத்தான் காலைல சொன்னேன். அத எப்படி என் வாயால இல்லைன்னு சொல்றது?"

"நான் ஏஜென்ட்டுக்கு வரலேன்னு சொல்லிட்டேனே!"

"என்னது!"

"எடத்த வேற ஆளுக்குக் குடுத்தாச்சு. இனி கேட்டாலும் கெடைக்காது."

கலாமணி அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். மௌனிகா என் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா, உங்களுக்கு நெஜமாவே புரியலையா? உப்பு நெறைஞ்சிருக்குன்னா உப்பு வாங்கிட்டு வர்றீங்க. கடுகு நெறைஞ்சிருக்குன்னா கடுகு வாங்கிட்டு வர்றீங்க."

"அது மளிகைச் சாமான் கண்ணு. பணத்துக்கும் அப்படித்தான் சொல்லுவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் பத்தாவது. அதுலயும் தமிழ்ல பார்டர் பாஸு."

"பதினாறு வருசமா எங்கூடக் குடும்பம் நடத்தறீங்க" என்றாள் கலாமணி. மெதுவாகத்தான் சொன்னாள். "உங்களுக்கா தெரியாது?"

"சத்தியமாத் தெரியாது."

"எம்மேல கை வெச்சுச் சொல்லுங்க."

எனக்கு அப்போது பார்த்து பூவைத் தண்ணீரில் நனைத்துவைக்க வேண்டும் என்று ஞாபகம் வந்தது. அடுப்படிக்குப் போய்விட்டேன். நான் திரும்பி வரும்போது அவள் பைக்குள்ளிருந்து என் சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வாய் சிரித்துக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிற ஆளை இன்றுதான் பார்க்கிறேன்.

மறுபடியும் எழுதிவைக்கிறேன். எனக்குத் தெரியாது.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒன்று. மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூ கொஞ்சம் தூக்கல். மூன்று பேரும் முகத்தைச் சுளித்துக்கொண்டே வழித்துச் சாப்பிட்டோம்.

சாப்பிட்ட கையோடு கலாமணி பேசினாள்:

"இருக்கறதுலதானுங்க மிச்சம் புடிக்க முடியும். நான் புடிக்கற வரைக்கும் புடிச்சுப் பாத்துட்டேன். இனி வரவப் பாக்கோணும். எதிர்வீட்டு ருக்மணியக்கா போற டெக்ஸ்டைல்ல செக்கிங்குக்கு ஆளு கேக்கறாங்களாம். தலையணை உறை, ஸ்கிரீன் துணி இதுகள்ல தையல் விட்டிருக்கா, கறை இருக்கான்னு பாத்து மடிக்கோணும். நான் போறேன்."

"நீயா?"

"இந்த வீட்ல மூணு மாசமா ஒரு பருக்கை தப்பிச்சுப் போக விடல. ஒரு நூலு தப்பிச்சுப் போயிருமா எங்கிட்ட?"

அந்தக் கம்பெனிக்காரரை நினைத்தால்தான் பாவமாக இருந்தது. "பீஸு?" என்றேன். பள்ளிக்கூடத்தில் மூன்று தவணையாகக் கட்ட அனுமதி கேட்டு அவளே போன வாரமே பேசிவிட்டு வந்திருக்கிறாள். பை கட்டத் தயாரான அதே வாரத்தில்! இந்தப் பெண்ணின் ஒரு கை செய்வது இன்னொரு கைக்கும் தெரியாது.

"சரி, அப்ப நீ வேலைக்குப் போற நாள்ல வீட்ட யாரு பாக்கறது?" என்று கேட்டேன்.

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

பயிற்சி நடக்கிறது. பருப்பு ஊறும் நேரம், புளி கரைக்கும் பக்குவம், பால் பொங்குவதற்கு முன்னால் அணைப்பது. வாத்தியார் கண்டிப்பு. என் வெங்காயத்தைப் பார்த்துவிட்டு, "இது சாம்பாருக்கா, மாட்டுக்கா?" என்று கேட்டாள். மௌனிகா மார்க் போடுகிறாள். நூற்றுக்கு முப்பத்தைந்து. எப்போதும் வாங்குவதுதான்.

ஏப்ரல் 26, ஞாயிறு

ரங்கராஜு சொல்லிவிட்டுப் போக வந்தான். நாளை மதியம் விமானம். அவன் மனைவியும் வந்திருந்தாள். கலாமணி அவளை அடுப்படிக்குக் கூட்டிப்போய் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தாள். போகும்போது கொட்டை எடுத்த புளி ஒரு பெரிய உருண்டை கொடுத்தனுப்பினாள். அவ்வளவு புளி கொடுத்து நான் பார்த்ததில்லை.

வாசலில் ரங்கராஜு என் தோளைப் பிடித்து, "நல்லா யோசிச்சீங்களாண்ணா?" என்றான்.

"எனக்கெங்க யோசனை? காது கேக்கறதுல கோளாறு" என்றேன்.

அவன் சிரித்தான். அவன் மனைவி சிரிக்கவில்லை.

ஏப்ரல் 27, திங்கள்

கலாமணிக்கு முதல் நாள். எட்டு மணிக்குக் கம்பெனி வேன் தெருமுனைக்கு வந்துவிடும். டிபன் பாக்ஸில் நான் கட்டிய லெமன் சாதம். மஞ்சள் கொஞ்சம் கூடுதல், மற்றபடி உணவு மாதிரிதான் இருந்தது. எனக்கு ஆயிரம் புத்திமதி சொன்னாள். விசில் வந்ததும் அணைக்கணும், மோட்டரை மறந்துரக் கூடாது, மோருக்குத் தண்ணி ஊத்தும்போது கை நடுங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டு, திரும்பி நின்றாள்.

"போயிட்டு வர்றேனுங்க."

இந்த வீட்டில் இத்தனை வருடமாக இதைச் சொல்லிக்கொண்டு போனவன் நான். வாசலில் நின்று கேட்கிற ஆளுக்கு அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்ததில்லை. "சரி, பாத்துப் போ" என்றேன். வேன் திரும்பும் வரைக்கும் நின்றேன். அப்புறமும் கொஞ்ச நேரம் நின்றேன்.

பருப்பு அடிப்பிடித்தது. மோட்டரை மறந்து தொட்டி வழிந்தது. பால்காரர், "என்னங்க, வீட்ல இல்லீங்களா?" என்று கேட்டார். "வேலைக்குப் போயிருக்காங்க" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். மதியம் வானத்தில் ஏதோ விமானம் போகிற சத்தம் கேட்டது. ரங்கராஜு போவது இந்த வழியாக இருக்காது. ஆனாலும் வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. வெயிலில் கண்தான் கூசியது.

நாலு மணிக்கு மௌனிகா வந்தாள். அஞ்சு மணியிலிருந்து நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். "ஏப்பா, காலையிலதானே போனாங்க" என்றாள். "யாரு? நான் காத்து வாங்கறேன்" என்றேன்.

ஆறேகாலுக்கு வந்துவிட்டாள்.